எலும்புக்கு எந்த ஊர்?

எலும்புகள்! முற்றமெங்கும் மனித எலும்புகள்! மண்டையோடு ஒருபுறம், விலா எலும்பு மறுபுறம். எவன் கை, எவன் கால் என்று பிரித்தறிய முடியாதபடி இறைந்து கிடக்கும் வெள்ளை எலும்புகள்! பின்னே குண்டு துளைத்த மண்டபம் ஒன்று. சாந்து பெயர்ந்திருக்கிறது, சுவர் சிதைந்திருக்கிறது, தூண்கள் மட்டும் நிற்கின்றன. அந்தப் பாழிடத்தில் ஆட்கள் சிலர், படம் பிடிப்பவன் பணித்த இடத்தில் அசையாமல் இருக்கிறார்கள். உடன் ஒரு குதிரை.

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கத்தில், நண்பர் ஒருவர் இந்தப் படத்தை நம் கைப்பேசிக்கு அனுப்பினார். படத்தின் கீழே பொறித்திருந்த வரிகள் இவை: "வேலூர்க் கோட்டை, 1806. வெள்ளையனின் வெறியாட்டம். மறைக்கப்பட்ட தமிழர் வரலாறு."

கண்டதும் நெஞ்சு பதைத்தது என்று எழுதுவதுதான் வழக்கம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், தோழர்களே! பதைப்பைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது. "கிடைத்துவிட்டது சான்று!" என்று துள்ளினோம்.

ஏன் துள்ளினோம்? வடபுலத்து நூல்கள் 1857-ஐ முதல் விடுதலைப் போர் என்று முழங்குகின்றன. அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806 ஜூலை 10 விடியுமுன், வேலூர்க் கோட்டையில் சென்னைப் படையின் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற ஆணைகள் அவர்களைக் கொதிக்க வைத்தன. நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னதற்கா சண்டை என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குறியை அழிக்கச் சொன்னவன் சாதியை ஒழிக்க வந்தவன் அல்லன். அடிமைக்குச் சீருடை தைக்க வந்தவன். கோட்டைக்குள் சிறைப்பட்டிருந்த திப்புவின் மக்களுக்காக மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். ஒரு பகல்கூட நீடிக்காமல் எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குள் பதுங்கியிருந்த ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லுகிறோம். பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிப்பது நம் தொழில். நம் மாணவரிற் பெரும்பாலோர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியிலிருந்து எழுந்து வரும் பிள்ளைகள். வேலூர் இங்கிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இராது. ஆனாலும் சிப்பாய்களின் கதையைச் சொல்லும்போது, அது ஏதோ கடல் கடந்த நாட்டுச் செய்தி போலப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இப்போது படமே கிடைத்துவிட்டது! விடுவோமா?

பெரிதாக அச்சிட்டோம். பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஒட்டியதோடு நின்றோமா? "இவை கல் அல்ல, கரி அல்ல, நம் பாட்டன் பூட்டன் எலும்புகள்!" என்று தொடங்கி, அடுக்குமொழியில் அரைப்பக்கம் எழுதிக் கீழே தொங்கவிட்டோம். ஆசிரியர்கள் படித்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தலைமையாசிரியர் தம் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். அன்று நாம் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எல்லோரும் போனபின் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். போட்டோ எடுக்கிற கருவியை எப்போ கண்டுபிடிச்சாங்க?"

கேள்வியின் கூர்மை உடனே உறைத்தது. உறைத்ததால்தான் சினம் வந்தது. "வரலாறு படித்தது நாமா, நீயா? படம் கண்முன்னே இருக்கிறது. நம்பு, போ!" என்றோம்.

நம்பு! எந்தச் சொல்லைக் கேட்டால் எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்கப் பழகினோமோ, அந்தச் சொல். எந்தச் சொல்லைப் பூசாரியின் வாயிலும் புரோகிதனின் ஏட்டிலும் கண்டு நகைத்தோமோ, அந்தச் சொல். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆறாண்டுகூட ஆகவில்லை, அது நம் வாயிலிருந்தே வந்துவிட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

கலைப் பட்டம் பெற்றவர் நாம். பிரான்சு நாட்டு தாகேர் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1839 என்பதை அறியாதவர் அல்லோம். இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒளிப்படம் அதே நாட்டு நியெப்சு 1826, 1827 வாக்கில் எடுத்தது என்பதும் தெரியும். தேர்வில் எழுதிய செய்தி! 1806-இல் வேலூரில் எவன் எந்தக் கருவியால் படம் பிடித்திருக்க முடியும்? நமக்குத் தெரிந்த உண்மையை, நாம் விரும்பிய பொய் வாயைப் பொத்தி மூலையில் உட்கார வைத்துவிட்டது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, "நீ கேட்டது சரி, நாம் சொன்னது தவறு" என்றோம். அவள் மகிழவில்லை, அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்படின்னா இது எந்த ஊர் ஐயா?"

நல்ல கேள்வி. இது வேலூர் அன்று என்று சொல்லிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எலும்புகள் பொய்யல்லவே! யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில் இறந்து கிடக்கிறார். அவருக்கு ஊர் வேண்டாவா?

படத்தைப் பலகையிலிருந்து கழற்றி மேசைமேல் விரித்தோம். அவளும் அவள் தோழியர் இருவரும் சுற்றி நின்றார்கள். வேலூர்க் கோட்டை கருங்கல். இந்த மண்டபமோ சுண்ணச்சாந்து பூசிய கட்டடம். தூண்கள் நம் நாட்டுக் கோயில் தூண்கள் அல்ல. மேனாட்டு மாதிரியைப் பார்த்து இந்நாட்டுக் கொத்தன் கட்டியவை. ஆடை தென்னாட்டு ஆடையாகத் தெரியவில்லை. இவ்வளவுதான் நம்மால் முடிந்தது. அதற்குமேல் படம் பேச மறுத்தது.

மாலையில் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனோம். தந்தை பட்டு நெசவாளர். தறிக்குழியில் கால் வைத்தபடியே, "வாங்க சார், உட்காருங்க" என்றார். செய்தியைச் சொன்னோம். நாடாவை நிறுத்திவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "படத்தைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

நமக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "புடவையோட உடம்புக்கும் முந்திக்கும் சேர்த்த இடம் இருக்கே, அது மேல்பக்கம் பார்த்தா பளபளன்னு ஒண்ணும் தெரியாது சார். திருப்பினாத்தான் எங்கே சேர்த்தான், எப்படிச் சேர்த்தான்னு தெரியும். போட்டோவும் அப்படித்தானே? எங்க வீட்டுப் படத்துக்கெல்லாம் பின்னாலே ஸ்டுடியோ முத்திரை இருக்கும், தேதி இருக்கும்."

எவ்வளவு எளிய செய்தி! நம்மிடம் வந்த படத்துக்கு முதுகே இல்லை. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவி வந்த அநாதைப் படம் அது. முதுகு இல்லாத படத்தின் நெற்றியில் எவன் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம். அந்த நெசவாளர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. அவருடைய பெற்றோரின் மண ஊர்வலம்; பின்னணியில் ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரம். "இதை எங்கே நின்று எடுத்தார்கள், அண்ணா?" என்றோம். "சன்னதித் தெருவில்தான், ஆனா எந்த இடம்னு தெரியாது" என்றார். தெரியாத ஊரைத் தேடுமுன் தெரிந்த தெருவில் பழகிப் பார்ப்போமே என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரும், மகளும், நாமும் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு சன்னதித் தெருவுக்குப் புறப்பட்டோம். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய அந்தக் கோபுரம் 190 அடிக்கு மேல் உயரம். அதைக் கும்பிடப் போனவர் ஆயிரம் பேர்; நாம் கோடு பிடிக்கப் போனோம். பூ விற்கும் மூதாட்டி, "என்ன வாத்தியாரே, சாமி பார்க்கவா?" என்று வியந்து கேட்டார். "இல்லை அம்மா, கோபுரம் பார்க்க" என்றோம். அவருக்கு அது ஒன்றுதான்.

முறை இதுதான். படத்தில் அருகே இருக்கும் பொருள் ஒன்றும் தொலைவில் இருக்கும் பொருள் ஒன்றும் ஒரே கோட்டில் ஒட்டி நிற்பது போலத் தெரியும். தெருவில் நின்று பார்த்தால், ஓரடி இடம் நகர்ந்தாலும் அவை விலகிவிடும். அவை ஒட்டித் தெரிகின்ற இடங்களையெல்லாம் சேர்த்தால் தரையில் ஒரு கோடு கிடைக்கும். வேறோர் இணைப் பொருளைக் கொண்டு இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் படம் பிடித்தவன் நின்றான். வானநூலாரும் நில அளவையாளரும் கையாளும் முறை. நம் கண்களே போதும்.

வீட்டுத் திண்ணைத் தூண் ஒன்றையும் கோபுரத்தின் இடது விளிம்பையும் பிடித்தோம். ஒரு கோடு கிடைத்தது. இரண்டாவது கோட்டுக்குத் துணையாயிருந்த தென்னை மரம் எப்போதோ போய்விட்டது. அதன் இடத்தில் மூன்றடுக்குக் கடை. அரைமணி நேரம் அங்குமிங்கும் அலைந்தபின் மாணவிதான் கண்டுபிடித்தாள். "ஐயா, படத்துலே எல்லார் தலையும் மேலேயிருந்து பார்த்த மாதிரி இருக்கு. அவர் தரையிலே நிக்கலே." ஆம்! கருவியின் மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் தலையுச்சி தெரியும். அவன் ஒரு திண்ணைமேல் ஏறி நின்றிருக்கிறான். அந்தக் கோட்டின்மேல் இருந்த உயரமான திண்ணை ஒன்றே ஒன்று. ஏறி நின்றோம். கோபுரமும் தூணும் படத்தில் உள்ளபடியே ஒட்டி நின்றன. நெசவாளர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். "எங்கப்பா இந்த வழியாத்தான் நடந்து வந்தாரு" என்றார். நமக்கும் தொண்டை அடைத்தது. கோயில் வாசலில் நாத்திகனுக்குத் தொண்டை அடைத்ததென்று யாரும் தவறாகக் கருத வேண்டா.

பின்னர், சென்னையில் ஒரு நூலகத்தில், இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்களின் நூலொன்று கண்ணில் பட்டது. ஜிம் மாசெலோசு, நாராயணி குப்தா இருவரும் எழுதி 2000-இல் டில்லியில் வெளியானது. 1857 போருக்குப் பின் டில்லியின் இடிபாடுகளை ஓர் ஐரோப்பியர் படம் பிடித்தார்; ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள் கழித்து அவர் நின்ற இடங்களைத் தேடிப்போய், அங்கேயே நின்று மறுபடியும் படம் எடுத்து, பழையதையும் புதியதையும் எதிரெதிரே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஐரோப்பியரின் பெயர் பெலிசே பியட்டோ. பெயர் கிடைத்ததும் கணினியில் தேடினோம். மேலை நாட்டு அருங்காட்சியகங்கள் சேர்த்து வைத்துள்ள அவருடைய படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். டில்லி முடிந்தது. லக்னோ தொடங்கியது.

அதோ, நம் படம்! அதே மண்டபம், அதே தூண்கள், அதே எலும்புகள், அதே குதிரை. பழைய தொகுப்புகளில் அதற்கு வெள்ளையர் எழுதிவைத்த தலைப்பு, தொண்ணூற்றுமூன்றாம் ஹைலாந்தர் படையும் நான்காம் பஞ்சாப் படையும் கலகக்காரர் 2,000 பேரைக் கொன்றபின் சிக்கந்தர் பாக்கின் உட்புறம் என்று பெருமிதத்தோடு அறிவிக்கிறது. பெருமிதம்! பெருமிதத்தோடு எழுதிய தலைப்பைத்தான் நாமும் ஒட்டினோம். அவன் கொன்ற பெருமிதம், நாம் செத்த பெருமிதம்.

சிக்கந்தர் பாக் என்பது மதில் சூழ்ந்த தோட்டம். அயோத்தி நாட்டின் கடைசி நவாபு வாஜித் அலி ஷா கட்டியது. அவர் மனைவியருள் ஒருவரான சிக்கந்தர் மகலின் பெயரைத் தாங்கியது. 1857 நவம்பர் 16. லக்னோ ரெசிடென்சியில் முற்றுகைக்குள் சிக்கிக் கிடந்த வெள்ளையரை மீட்கக் காலின் கேம்பல் படையோடு வந்தான். வழியில் இந்தத் தோட்டம். பீரங்கியால் மதிலில் சிறு துளை போட்டு, அதன் வழியாக ஒவ்வொருவராக நுழைந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற வழியில்லை. அவ்வளவுதான் போர்.

இன்று அங்கே வாயிலும், மதிலின் ஒரு பகுதியும், சிறு பள்ளிவாசல் ஒன்றும் எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் நடுவணரசின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துவிட்டது. ஊரின் மற்றப் படங்களுக்கு இடம் காண்பது இன்னும் கடினம். போர் இடித்தது பாதிதான். 1858-க்குப் பின், இனியொரு கலகம் எழக்கூடாது என்பதற்காக, நேப்பியர் என்ற பொறியாளன் வகுத்த திட்டப்படி வெற்றி பெற்றவர்களே நெருங்கிய தெருக்களை இடித்து அகன்ற சாலைகளை வெட்டினார்கள். தெருவே இல்லாதபோது தெருக்கோடியை எங்கே தேடுவது? இமாம்பாரா போன்று தப்பி நின்ற பெருங்கட்டடங்களை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர் கோடு பிடிக்கிறார்கள். பியட்டோவே உயரத்தில் நின்று நகரத்தைப் பல தகடுகளில் எடுத்து, அடுத்தடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். அதைக் கண்ட மாணவி, "இதுவும் கோர்வைதான் ஐயா" என்றாள். தறிவீட்டுப் பெண்ணுக்கு உடலையும் கரையையும் கோத்து நெய்வது நினைவுக்கு வந்திருக்கிறது.

ஊர் கிடைத்துவிட்டது. எழுந்துவிடலாம் என்று எண்ணினோம். அப்போதுதான் இரண்டாவது பொய் எதிர்ப்பட்டது.

பியட்டோ கல்கத்தாவில் வந்து இறங்கியதே 1858-இன் தொடக்கத்தில். லக்னோ முழுவதும் வெள்ளையர் கைக்கு மீண்டது அவ்வாண்டு மார்ச்சில். அதன்பின்தான் அவர் அங்கே கருவியை நிறுத்தினார். சிக்கந்தர் பாக்கில் சண்டை நடந்ததோ முந்திய நவம்பரில். இடையே நான்கு மாதங்களுக்கு மேல்! அத்தனை காலம் அந்த உடல்கள் மண்டபத்தின் முன்னே, படத்துக்கு வாகாகக் காத்துக் கிடந்தனவா? அந்நாளில் அங்கே பதவி வகித்த ஜார்ஜ் கேம்பல் என்ற ஆங்கில அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: பிணங்களை மூடிப் புதைத்திருந்தார்களாம், படம் பிடிப்பவர் வற்புறுத்தித் திறக்கச் செய்தாராம்.

மாணவியிடம் இதைச் சொல்ல முதலில் தயங்கினோம். பிறகு சொன்னோம். மறைத்தால் மறுபடியும் பூசாரி ஆகிவிடுவோமே! அவள் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ எலும்பை இப்படிப் பரப்பி வெச்சது யார்?" என்றாள். குழந்தையின் கேள்வி பட்டத்தாரியின் நெஞ்சில் அறைந்தது. கட்டடம் உண்மை, எலும்பு உண்மை, எலும்பு கிடந்த கிடை பொய். கொன்ற பின்னும் அவர்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் விற்ற படத்தில் போர்க்களம் தத்ரூபமாக இருக்க வேண்டுமே! 1860-இல் இதே பியட்டோ சீனத்துக்குப் படையோடு போய், டாகு கோட்டையிலும் பிணங்களுக்கு நடுவே கருவியை நிறுத்தினார்.

படத்தில் உயிரோடு இருப்பவர்கள் சிலர். அவர்கள் யார்? படைவீரரா, பணியாளரா, கூலிக்கு வந்தவரா? பெயர் இல்லை. இறந்தவர்களுக்கும் பெயர் இல்லை. ஆனால் அதே நவம்பர் 16-க்காக விக்டோரியா சிலுவை பெற்ற வெள்ளைப் படையினர் 24 பேர். ஒரே நாள் சண்டைக்கு அத்தனை பேருக்கு அந்த விருது கிடைத்தது வேறெப்போதும் இல்லை. அந்த இருபத்துநால்வரின் பெயரும், படையும், பிறந்த ஊரும் ஏட்டில் இருக்கின்றன.

நம் ஊரை மட்டும் விட்டுவிட்டார்களா? காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-இல் ஐதரின் படையும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். பெரும்படையோடு காஞ்சியில் இருந்த மன்றோ துணைக்கு வந்து சேரவில்லை. மறு ஆண்டு அங்கே மறுபடியும் சண்டை. இன்று அந்த வயல்வெளியில் வெள்ளை அதிகாரிகளுக்கு எழுப்பிய கல்தூண்கள் நிற்கின்றன. அவர்களோடு விழுந்த சென்னைச் சிப்பாய்க்கு ஒரு செங்கல்கூட இல்லை. பள்ளியிலிருந்து மிதிவண்டியில் போய் வரக்கூடிய தொலைவு!

சிக்கந்தர் பாக்கில் பெயர் மீண்ட கதை ஒன்றும் உண்டு. அன்று அங்கே ஓர் அரசமரத்தின் மேலிருந்து குறிபார்த்துச் சுட்டு வெள்ளையர் பலரை வீழ்த்தியவர், சுட்டு வீழ்த்தப்பட்டபின் பார்த்தால் ஒரு பெண் என்று தெரிந்ததாம். சண்டையில் இருந்த போர்ப்ஸ் மிட்செல் என்ற படைவீரர் 1893-இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். பெயர் எழுதவில்லை, கேட்டு வைத்துக்கொள்ள எவனுக்கு அக்கறை? அப்பெண்ணின் பெயர் ஊதா தேவி என்று பாசி என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நவம்பர் 16-இல் அங்கே கூடி நினைவு போற்றுகிறார்கள், சிலையும் இருக்கிறது. நவாபின் தோட்டத்தில், மேற்சாதிச் சிப்பாய்களின் கலகம் என்று ஏட்டில் எழுதப்பட்ட போரில், தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பின் மகள்! ஆங்கிலேயர் நூலில் உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. மக்கள் வாய்மொழியில் பெயர் இருக்கிறது, ஏடு இல்லை. மாணவியின் குறிப்பேட்டில் இரண்டையும் அப்படியே, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்து எழுதச் சொன்னோம்.

ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: "தமிழன் எலும்பு இல்லை என்று ஆகிவிட்டதே, இனி நமக்கென்ன அதில்?" அவருக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தை நினைவூட்டினோம். முந்திய ஆண்டு மாணவர்களை அழைத்துச் சென்றபோது அவரும் உடன் வந்தார். நீல் என்ற தளபதியின் சிலைக்கு அருகே நின்று பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு உண்டவர். அந்த நீல், சென்னையிலிருந்து வெள்ளையர் படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் ஊர் ஊராகத் தூக்கிலிட்டவன்; 1857 செப்டம்பர் 25-இல் லக்னோவில் மாண்டவன். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-இல் அதை அகற்றக் கோரி இளைஞர்கள் சுத்தியலோடு போய்ச் சிறை புகுந்தார்கள், 1937-இல்தான் அகற்றப்பட்டது. லக்னோவின் எலும்புக்கும் சென்னையின் சிலைக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். நண்பர் பேசவில்லை. புளிச்சோறு நினைவுக்கு வந்திருக்கும்.

படத்தை அனுப்பிய நண்பரோ எளிதில் விடவில்லை. "எந்த ஊராக இருந்தால் என்ன? வெள்ளையன் கொடுமை உண்மைதானே? வேலூரில் சுட்டதும் உண்மைதானே? ஒரு படத்தால் நாலு பேர் வேலூரை நினைத்தால் நல்லதுதானே?" என்று வாதாடினார். இந்த வாதத்தை நாம் வேறோரிடத்தில் கேட்டிருக்கிறோம். "தலபுராணம் கட்டுக்கதையாகவே இருக்கட்டுமே, நாலு பேர் ஒழுங்காக இருந்தால் நல்லதுதானே?" என்று பள்ளிப் பருவத்தில் நம் தாத்தா சொன்னது. அன்று அவரிடம் சொன்னதையே இன்று நண்பரிடமும் சொன்னோம். ஒருநாள் ஒருவன் வருவான், "1806-இல் ஏது ஒளிப்படம்?" என்று கேட்பான், படத்தைக் கிழிப்பான், படத்தோடு சேர்த்து வேலூரையும் கிழிப்பான். அந்தச் சுவரோரம் நின்ற நூறு பேருக்குக் கடன் வாங்கிய எலும்பு எதற்கு? நண்பர் இன்றுவரை ஒப்பவில்லை. நம்மோடு பேசுகிறார், படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்டுத் திங்களில் ஒரு காலை, இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியரிடம் இசைவு பெற்று மேடை ஏறினோம். பலகையில் ஒட்டிய படம் வேலூர் அன்று. நாம் ஆராயாமல் ஒட்டினோம். கேட்ட மாணவியை "நம்பு" என்று விரட்டினோம். தவறு நம்முடையது என்றோம். பின்வரிசையில் சில பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! இறங்கி வந்தபோது கால் நடுங்கியது உண்மை.

பலகையில் படம் மறுபடியும் ஏறியது. இம்முறை விளக்கம் எழுதியது அந்த மாணவி. அடுக்குமொழி இல்லை. இடம்: சிக்கந்தர் பாக், லக்னோ. சண்டை: 1857 நவம்பர் 16. படம் எடுத்தது: 1858. எடுத்தவர்: பெலிசே பியட்டோ. எலும்புகள் படத்துக்காக மறுபடி வெளியே எடுக்கப்பட்டவை என்று ஓர் ஆங்கில அதிகாரி எழுதியிருக்கிறார். படத்தில் இருப்பவர்கள் பெயர்: அந்த இடத்தை வெற்றாக விட்டு, கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள். "தெரியவில்லை என்று எழுதலாமே" என்றோம். "கோடு போட்டா யாராவது எழுதுவாங்க ஐயா" என்றாள்.

போன வாரம் அதே படம் வேறொருவரிடமிருந்து நம் கைப்பேசிக்கு மறுபடியும் வந்தது. எலும்புகள் அவையே, குதிரையும் அதுவே. கீழே புதிய எழுத்து: "புள்ளலூர்ப் போர், 1780. காஞ்சி மண்ணின் கண்ணீர்." வகுப்பில் காட்டினோம். அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. எழுந்து நின்று, "ஐயா, படத்துக்கு இன்னும் 26 வயசு கூடிடுச்சு" என்றாள். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். பிறகு பிள்ளைகள் புள்ளலூருக்குப் போய் அந்தக் கல்தூண்களைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். வரும் சனிக்கிழமை மிதிவண்டியில் போவதாக இருக்கிறோம்.